மோல்டன் ரப்பர் கூடைப்பந்து: எட்டு மாதம் பாவித்த பிறகு

முதலில் பந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. சீமெந்துத் தரையில், வெயிலில், கடற்காற்றில் பிள்ளைகள் விளையாட ஒரு கூடைப்பந்து தேடுகிறீர்கள் என்றால் மோல்டன் ரப்பர் பந்தைத் தாராளமாக வாங்கலாம். நான் நான்கு பந்து வாங்கி, அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்ப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்குக் கொடுத்து எட்டு மாதமாகிறது. நான்கும் இன்றைக்கும் விளையாட்டில்தான் இருக்கின்றன. போன கிழமை நேரில் போய் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

ஒரு பந்தை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு அண்ணன். கல்லூரி விடுதியில் எனக்கு மூன்று வகுப்பு மேல். எனக்குக் கூடைப்பந்து பழக்கியவரும் அவர்தான். பிற்காலத்தில் அந்தத் திருக்கோவில் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார், பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். போன வருடம் திடீரென்று இறந்துபோனார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். பெயரை எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் அமைதியான ஆட்கள், ஊர் அறியப் பேசப்படுவதை விரும்பமாட்டார்கள். முப்பத்தோராம் நாள் அன்றைக்கு என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழும்பி நின்றேன், தொண்டை அடைத்துவிட்டது, இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதும் இந்த விமர்சனத்துக்குள் வந்துவிடும், பந்தை மட்டும் அறிய வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003ஆம் ஆண்டு. சமாதான காலம். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பொடியன், கொக்கட்டிச்சோலைப் பக்கம். மண்முனையில் பாலம் 2014இல்தான் வந்தது, அதுவரைக்கும் வாவியைக் கடக்கப் பாதைதான் (வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன், ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற அந்த மிதவைக்கு எங்கள் ஊரில் பேர் பாதை). பத்தாம் வகுப்புக்கு நகரத்துக் கல்லூரிக்கு வந்து விடுதியில் சேர்ந்தபோது நான் ஒரு கூடைப்பந்தைத் தொட்டதே கிடையாது. ஊரில் எங்களுக்குத் தெரிந்தது கரப்பந்தும் எல்லேயும் வயல் வெட்டி முடிந்த பிறகு கிரிக்கெட்டும்தான். நான் வளர்த்தி, அதனால் மட்டும் ஒரு வாத்தியார் என்னைக் கூடைப்பந்துப் பயிற்சிக்கு அனுப்பினார்.

மட்டக்களப்பில் கூடைப்பந்து என்பது லேசான விஷயமில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் இங்கே ஊன்றிவிட்டுப் போன விளையாட்டு அது. நகரத்தின் நடுவில் இருக்கிற மைதானத்துக்கே வெபர் அடிகளாரின் பெயர்தான். புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைப் பழக்கிய ஹேபியர் அடிகளார் 1990 ஆகஸ்ட்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற வழியில் காணாமற்போனார், திரும்பி வரவேயில்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அண்ணன்தான், வெபர் மைதானத்துப் படிக்கட்டில் இருத்தி வைத்து. “இந்த ஊரில பந்தைத் தொடுற ஆக்கள் எல்லாரும் அவங்களுக்குக் கடன்பட்டவங்க” என்றார். அவரே அந்தக் கல்லூரி மாணவர் இல்லை, நாங்கள் அவர்களோடு மோதித் தோற்றுவிட்டு வந்து இருந்த நேரம் அது.

சரி, பந்துக்கு வருகிறேன்.

ரப்பர் பந்தா, செயற்கைத் தோல் பந்தா, உண்மைத் தோலா என்று கேட்பார்கள். உண்மைத் தோல் மண்டபத்துக்குள் மரத்தரையில் விளையாடுகிறவர்களுக்கு. செயற்கைத் தோல் கைக்கு நல்ல சுகம், பிடி நன்றாக இருக்கும், ஆனால் நம் ஊர்ச் சீமெந்துத் தளத்தில் தட்டத் தட்ட மேற்பரப்பு உரிந்து கொஞ்ச நாளில் மொட்டையாகிவிடும். கடற்கரை மணல் பறந்து வந்து கிடக்கிற தளம் என்றால் இன்னும் கெதியாக. ரப்பர் பந்து கொஞ்சம் முரடுதான், புதிதில் விரலுக்கு வழுக்குகிற மாதிரி ஒரு மினுக்கமும் இருக்கும், உள்ளங்கையில் பட்டால் சுள்ளென்று உறைக்கும். அதையெல்லாம் ஒரு மாதம் பொறுத்துக்கொண்டால் பிறகு அது உழைக்கும். அழுக்கானால் சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து நிழலில் வைக்கலாம், மற்றப் பந்துகளுக்கு அந்தத் துணிவு வராது.

இலக்கம் முக்கியம். ஆண்களுக்கு 7ஆம் இலக்கம், சுற்றளவு 75 முதல் 77 சென்ரிமீற்றர், எடை ஏறத்தாழ 600 கிராம். பெண்களுக்கு 6ஆம் இலக்கம், சுற்றளவு 71.5 முதல் 73, எடை 510 முதல் 550 கிராம். சின்னப் பிள்ளைகளுக்கு 5. பல பாடசாலைகளில் ஒரே 7ஆம் இலக்கப் பந்தையே எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் அந்தப் பெரிய பந்தை வளையத்துக்கு எட்டவைக்கத் தோளாலே தள்ளித் தள்ளி எறிந்து கை கோணலாகவே பழகிவிடும். அண்ணனுக்கு அது பெரிய மனவருத்தம். “பந்து பிள்ளைக்கு ஏத்ததா இருக்கணும், பிள்ளை பந்துக்கு ஏத்ததா இருக்கக் கூடாது” என்று தொலைபேசியில் ஒருமுறை மூச்சுவிடாமல் சொன்னார். அதனால் நான் வாங்கியது 7ஆம் இலக்கத்தில் இரண்டு, 6ஆம் இலக்கத்தில் இரண்டு.

முதலில் இணையத்தில்தான் வாங்கப் பார்த்தேன். விலை குறைவாகப் போட்டிருந்த ஒரு விற்பனையாளரிடம் ஒன்று வரவழைத்தேன். பெட்டியைத் திறந்ததும் மனம் சரியில்லை. எழுத்துகள் ஓரத்தில் மை பரவினது போல, கோடுகளின் ஆழம் ஓரிடத்தில் ஒரு மாதிரி. பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தேன், 500 கிராம்கூட வரவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. அந்தப் பந்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, வீட்டில் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு என்று வாங்குகிறவர்கள் தயவுசெய்து கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பிறகு மட்டக்களப்பு நகரத்தில் ஒரு விளையாட்டுப் பொருட் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுசன். இருந்த ஆறு பந்தையும் வெளியில் எடுத்துப் போட்டு, “பாத்து எடுங்க” என்று விட்டுவிட்டார். அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்து பார்க்கப் பழக்கியதை அப்படியே செய்தேன், இருபது வருடத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை.

பந்தை இரண்டு கையாலும் பிடித்து, பின்பக்கமாகச் சுழற்றி நேரே மேலே எறிய வேண்டும். காற்றடைக்கிற துளையைக் கண்ணால் பிடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். பந்து சரியான உருண்டை என்றால் அது நூல் பிடித்த மாதிரிச் சுற்றும். கோணல் என்றால் நொண்டும். அந்த நொண்டல் ஒருமுறை கண்ணுக்குப் பழகிவிட்டால் பிறகு எந்தக் கடையிலும் உங்களை ஏமாற்ற முடியாது. அடுத்தது, தலை உயரத்திலிருந்து சும்மா கையை எடுத்துவிட்டு விழவிட வேண்டும், அமத்தக் கூடாது. இடுப்பைத் தாண்டி எழும்பினால் காற்றுச் சரி, முழங்காலோடு நின்றுவிட்டால் காற்றில்லை அல்லது ரப்பர் செத்தது. ஒரே இடத்தில் விட்ட பந்து ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்கு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசியாக, துளையில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்க்க வேண்டும், குமிழி வந்தால் அந்தப் பந்து வேண்டாம். ஆறில் நான்கைத் தெரிந்தெடுக்க எனக்கு முக்கால் மணித்தியாலம் போனது. ஒரு பந்து பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்தது. கடைக்காரர் ஊசி நான்கைச் சும்மா தந்தார்.

மோல்டனை நான் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. சாதாரணக் கூடைப்பந்து எட்டுத் துண்டு சேர்ந்தது, இது பன்னிரண்டு. செம்மஞ்சளும் இளமஞ்சளும் மாறி மாறி வரும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்த வடிவத்தைக் கண்டபோது எங்களுக்கு வேறு ஏதோ விளையாட்டுப் பந்து போலத் தோன்றியது. துண்டு கூடக் கூடக் கோடுகளும் கூடும், பந்து எப்படிக் கைக்கு வந்தாலும் விரல் நுனி உடனே ஒரு கோட்டைப் பிடித்துக்கொள்ளும். எறிகிற ஆளுக்கு அது பெரிய உதவி. இரண்டு நிறம் என்பதால் பந்து காற்றில் சுழலும்போது சுழற்சி நேரா, கோணலா என்று பழக்குகிறவருக்குத் தூர நின்றே தெரியும்.

இந்தக் கோட்டு விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு பெரிது என்றால், அதைச் சொல்ல அந்த விடியற்காலையைச் சொல்ல வேண்டும்.

பதினேழு வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பன்னிரண்டு பெயர் எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். நான் இல்லை. தெரிவு செய்த வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால், உனக்கு உயரம் மட்டும்தான் இருக்கு என்றார். அன்றிரவு நான் சாப்பிடப் போகவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனால் திரும்பி வருவதில்லை என்று முடிவெடுத்துப் பெட்டியைக்கூட அடுக்கிவிட்டேன். அடுத்த நாள் இருள் கலையவில்லை, யாரோ காலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. அண்ணன். கல்லூரி அணியின் தலைவர், உயர்தரக் கணிதப் பிரிவு, அதுவரைக்கும் என்னோடு பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டார்.

“எழும்புகா. பந்து வச்சிருக்கன்.”

போனோம். சீமெந்தில் பனி ஈரம். அவர் வளையத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டு பந்தை என் நெஞ்சுக்கு நேரே அனுப்பினார். எறி என்றார். எறிந்தேன், பலகையில்கூடப் படவில்லை. ஓடிப்போய் எடுத்துவந்து மறுபடி என் நெஞ்சுக்கு நேரே. எறிந்தேன். இப்படியே. கை எங்கே வைக்க வேண்டும், கால் எங்கே என்று ஒரு சொல் சொல்லவில்லை அன்றைக்கு. நான் விட்டதையெல்லாம் ஓடி ஓடிப் பொறுக்கி எனக்குத் தந்துகொண்டிருந்தார். கல்லூரியிலேயே நல்லாய் விளையாடுகிற ஆள். முதல் பந்து உள்ளே போனபோது “ஒண்டு” என்றார். பிறகு நாலைந்து வெளியே போயின, அவர் வாய் திறக்கவில்லை. அடுத்தது விழுந்தபோது “ரெண்டு”. சூரியன் வருமட்டும் எறிந்தேன். மொத்தம் எத்தனை எறிந்தேன் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அவர் அதை எண்ணவேயில்லை. “இருவத்திமூண்டு. நாளைக்கும் வா” என்றார்.

பெட்டியைப் பிரித்து உடுப்பைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

நாலைந்து நாள் போனபிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். பந்தைப் பொறுக்கி எடுத்து எனக்கு அனுப்ப முன்னம் அவர் கையில் ஒரு சின்ன அசைவு இருந்தது. பந்தை அரைச் சுற்றுச் சுற்றி, கோடு குறுக்கே வருமாப் போல் வைத்துவிட்டுத்தான் அனுப்புவார். அப்போதுதான் என் விரல் நுனி நேராகக் கோட்டில் விழும். அவர் பந்து பழையது, பொருக்கெல்லாம் தேய்ந்து மாம்பழத் தோல் மாதிரி வழவழவென்று இருந்தது, கோட்டைப் பிடிக்காவிட்டால் வழுக்கும். ஒரு காலைக்கு நூறு தரம், நூற்றைம்பது தரம் அதைச் செய்திருப்பார், செய்கிறேன் என்று எனக்குச் சொல்லவுமில்லை. இப்போது பன்னிரண்டு துண்டுப் பந்தைக் கையில் வாங்கும்போதெல்லாம், எந்தப் பக்கம் வந்தாலும் விரலுக்குக் கோடு கிடைக்கும்போதெல்லாம், எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வரும்.

பிறகு மெல்ல மெல்லச் சொல்லித்தந்தார். எறிந்த பிறகு கையை உடனே கீழே போடக் கூடாது, மணிக்கட்டை மடித்து அப்படியே மேலே வைத்திருக்க வேண்டும். “வாவிக் கரையில கொக்கு கழுத்த வளைச்சிக்கிட்டு நிக்கிறல்லவா, அப்படி விட்டுட்டு நில்லு. பந்து விழுந்தப்புறம் கொக்கு பறக்கட்டும்.” படுவான்கரைப் பிள்ளைக்குக் கொக்கைக் காட்டித்தர வேண்டியதில்லை, அன்றிலிருந்து என் மணிக்கட்டு சரியாகிவிட்டது.

பந்தை ஏன் உயர எறிய வேண்டும் என்பதற்கு அவர் தந்த விளக்கத்தை இன்றைக்கும் நான் யாருக்கும் சொல்வேன். விடுதிச் சாப்பாட்டு மண்டபத்தில், சோறு வர முன்னம், வெறும் கோப்பையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். மேலிருந்து பார்த்தால் முழு வட்டம். கொஞ்சம் சரித்தார், வட்டம் ஒடுங்கியது. கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தார், வெறும் கீறு. “வளையமும் இதுதான். அதின்ர அகலம் 45 சென்ரிமீற்றர். பந்து 24. நீ தட்டையா எறிஞ்சா பந்துக்கு வளையம் எவ்வளவாத் தெரியும்?” கொப்பியை எடுத்து எழுதிக் காட்டினார். முப்பது பாகையில் வந்தால் 45ஐ சைன் 30ஆல் பெருக்க வேண்டும், இருபத்திரண்டரை. பந்தே 24, எப்படி நேரே உள்ளே போகும்? நாற்பத்தைந்து பாகை என்றால் கிட்டத்தட்ட 32, இப்போது இடமிருக்கிறது. அறுபது என்றால் 39. எனக்கு அந்த வருடம் திரிகோணகணிதம் ஓடாமல் இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அது விளங்கியது, சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்ததும் அந்தக் கோப்பையால்தான்.

அடுத்த வருடம் நான் அணியில் இருந்தேன். என்னென்ன போட்டி வென்றோம் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சி பிந்திப் பஸ் தவறிவிட்டால் அவர் சைக்கிள் பாரில் என்னை ஏற்றி, கல்லடிப் பழைய பாலத்தால் இறங்கி, ஆரையம்பதி தாண்டி மண்முனைத் துறைமட்டும் உழக்கிக்கொண்டு போய்க் கடைசிப் பாதையில் ஏற்றிவிடுவார். பாதை நகரும்வரை கரையில் ஒரு காலை ஊன்றி நிற்பார். திரும்பிப் போக அவருக்கு இருட்டிவிடும், சோதனைச் சாவடிகள் இருந்த காலம். அம்மா இதைக் கேட்டுவிட்டு அடுத்த முறை எருமைத் தயிர் ஒரு முட்டி கட்டித் தந்தா, விடுதியில் எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துத்தான் அவர் சாப்பிட்டார்.

அந்தப் பழைய பந்தை 2004 நத்தார் விடுமுறைக்கு அவர் திருக்கோவிலுக்குக் கொண்டு போயிருந்தார். டிசம்பர் 26 கடல் வந்தது. இரண்டு கிழமை அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் யாரையாவது கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் விடுதி வாசலில், யாரோ கொடுத்த பெரிய சேட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். வீட்டில் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள், வீடு இல்லை. “பந்தும் போயிற்றுகா” என்றார். அன்றைக்குத்தான் அவர் அழுது கண்டேன். பிறகு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், பட்டம், ஊரிலேயே ஆசிரியர் வேலை. எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. மாதம் ஒருமுறையாவது பேசுவோம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவிலுக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அந்த வீட்டில் வருடத்துக்கு ஒருநாள் சாப்பிட்டவன், ஒருநாளாவது அவர் பிள்ளைகளைப் பழக்குகிற தளத்தைப் போய்ப் பார்த்தேனா என்றால் இல்லை. அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிவிட்டேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

முதன்முறை அந்தத் தளத்தில் கால் வைத்தது பந்துகளைக் கொண்டு போன நாளில்தான். சீமெந்து அங்கங்கே வெடித்திருக்கிறது, ஒரு பலகை கொஞ்சம் சரிந்திருக்கிறது, ஆனால் கோடுகள் அவ்வளவு துல்லியம். விளையாட்டுப் பொருள் அறையில் ஒரு தேங்காய்நார்க் கயிறு ஆணியில் தொங்கியது, இரண்டு இடத்தில் சிவப்புத் துணி முடிச்சு. ஒன்று நுனியிலிருந்து 1.25 மீற்றரில், மற்றது 6.75இல். கண்டதும் விளங்கிவிட்டது. 2010இல் மூன்று புள்ளிக் கோட்டை 6.25இலிருந்து 6.75 மீற்றருக்குத் தள்ளினார்கள், வளையத்தின் கீழே 1.25 மீற்றர் அரைவட்டமும் அப்போது வந்தது. பல பாடசாலைகளில் இன்னும் பழைய கோடுதான். இவர் வளையத்துக்கு நேர் கீழே ஆணி அடித்து, கயிற்றைக் கட்டி, முடிச்சில் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து கீறியிருக்கிறார். ஒவ்வொரு தவணையும் அழிய அழியக் கீறுவாராம்.

பந்துகளுக்கு அங்கே வைத்துத்தான் காற்றடித்தோம். துளைக்குப் பக்கத்தில் 7 முதல் 9 இறாத்தல் அழுத்தம் என்று போட்டிருக்கும், நம் வெயிலில் 7க்குப் போதும், நண்பகலில் சீமெந்துச் சூட்டில் பந்து தானாகவே இறுகிவிடும். நான் பம்பை எடுக்க முன்னம் ஒரு பெண் பிள்ளை, பத்தாம் வகுப்பாக இருக்கும், ஊசியை என் கையிலிருந்து வாங்கி நாக்கு நுனியில் தொட்டு நனைத்துவிட்டு நேரே, அவசரப்படாமல் இறக்கினாள். காய்ந்த ஊசியைக் குத்தினால் துளையின் வாய் கிழிந்துவிடும், தேங்காயெண்ணெய் பூசினால் ரப்பர் இளகும், பந்துகள் காற்றுப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். “சேர் சொல்லித் தந்தது” என்றாள். நான் ஓம் என்றேன்.

எட்டு மாதக் கணக்கு இது. 7ஆம் இலக்கப் பந்து இரண்டிலும், அதிகம் தட்டுப்படுகிற இடங்களில் பொருக்குத் தேய்ந்து தட்டையாகிவிட்டது, இளமஞ்சள் துண்டுகள் வெயிலில் வெளிறி அழுக்கேறிவிட்டன, துடைத்தாலும் முழுக்கப் போகவில்லை. கோடுகளின் ஆழம் அப்படியே இருக்கிறது. எறிந்து பார்த்தேன், துளை நொண்டவில்லை, உருண்டை கெடவில்லை. 6ஆம் இலக்கம் இரண்டும் இன்னும் புதிது போல, அந்தப் பெண் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் துடைத்துச் சாக்குப் பையில் போட்டு நிழலில் வைக்கிறார்கள். காற்றுக் கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மழை ஈரத்தில் மட்டும் விளையாட வேண்டாம், ரப்பர் நனைந்தால் கையில் நிற்காது, அது எந்த ரப்பர் பந்துக்கும் உள்ள குணம். விரல் நுனி வெடிக்கிறது என்று ஒரு பையன் சொன்னான், அதுவும் உண்மைதான், முதல் மாதம் அப்படித்தான் இருக்கும். பாடசாலைக்கோ ஊர்க் கழகத்துக்கோ யாராவது பந்து வாங்கிக் கொடுக்க நினைத்தால் இதையே வாங்குங்கள், 6ஆம் இலக்கத்தை மறக்காதீர்கள், ஊசி இரண்டு மூன்று கூடவே வாங்குங்கள், அவைதான் முதலில் தொலையும்.

போன கிழமை நான் போனபோது பின்னேரம் நாலரை இருக்கும். மதிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே பந்துச் சத்தம் கேட்டது. உள்ளே இரண்டு பேர்தான். ஒரு சின்னப் பொடியன் பிழைக் கோட்டில் நின்று எறிகிறான், அவனைவிடப் பெரியவன் ஒருத்தன் வளையத்துக்குக் கீழே நின்று பொறுக்கிக் கொடுக்கிறான். என்னைக் காணவில்லை. சின்னவன் எறிந்தான், வளையத்தில் பட்டுத் தெறித்து மணலுக்குள் ஓடியது. பெரியவன் ஓடிப் போய் எடுத்துக் காற்சட்டையில் மணலைத் துடைத்துவிட்டு அனுப்பினான். அடுத்ததும் வெளியே. அதற்கடுத்ததும். பெரியவன் ஒன்றும் சொல்லவில்லை, ஓடி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். நான்காவது பலகையில் மெல்லப் பட்டு உள்ளே இறங்கியது.

“ஒம்பது” என்றான்.